நான்தான் சொன்னேனே, உடம்பு சரியில்லைன்னு!

“2002-ல் ஸ்பைக் மில்லிகன் இறந்தபோது இங்கிலாந்தில் துக்கம் விசாரித்தவர்கள் சிரித்துக்கொண்டே விசாரித்தார்கள் என்று படித்தேன். மிஸ்டர் பீன் தெரியும், மான்டி பைதான் கொஞ்சம் பார்த்திருக்கிறேன். இவர் பெயரைக் கேள்விப்பட்டதே இல்லை. அப்படி என்ன செய்துவிட்டார்?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

கேள்விப்படாததில் ஆச்சரியமில்லை. அவருடைய பெரிய வேலையெல்லாம் வானொலியில் நடந்தது. சினிமாக்காரன் முகம் கடல் தாண்டிப் போகும். வானொலிக்காரன் குரல் அந்த ஊர்க் காற்றோடு நின்றுவிடும். கல்லறையிலிருந்து ஆரம்பிக்கிறேன். மில்லிகன் விஷயத்தில் அதுதான் சரியான வாசல்.

இங்கிலாந்தின் தென்கிழக்குக் கரையில், கிழக்கு சசெக்ஸில், வின்செல்சீ என்று ஒரு சின்ன ஊர். அங்கே செயின்ட் தாமஸ் தேவாலயம் பாதி இடிபாடு, மீதிப் பாதியில்தான் ஆராதனை. அதன் வளாகத்துப் புல்தரையில் மில்லிகனின் கல் நிற்கிறது. அன்பு, ஒளி, அமைதி என்று மூன்று சொற்கள், பெயர், 1918–2002. எழுத்தாளர், ஓவியர், இசைக்கலைஞர், மனிதநேயர் என்று வரிசையாகச் சொல்லிவிட்டு நகைச்சுவையாளர் என்கிறது. பிறகு ஐரிஷ் மொழியில் ஒரு வரி. நான் போயிருந்த அன்று ஒரு பெரியவர் அந்த வரியை விரலால் எழுத்தெழுத்தாகத் தடவிக்கொண்டிருந்தார். ஐரிஷ் படிக்க வருமா என்று கேட்டேன். வராதாம். ஆனால் சிரித்துக்கொண்டிருந்தார்.

அந்த வரிக்கு அர்த்தம்: “நான்தான் சொன்னேனே, உடம்பு சரியில்லைன்னு.”

தன் கல்லறையில் இதைத்தான் பொறிக்க வேண்டும் என்று மில்லிகன் பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார். இறந்த பிறகு சிச்செஸ்டர் பேராயம் ஆங்கிலத்தில் பொறிக்க ஒப்புக்கொள்ளவில்லை. இரண்டு வருஷத்துக்கு மேல் கல்லே இல்லாமல் கிடந்து, கடைசியில் ஐரிஷில் எழுதிக்கொள்ளலாம் என்று சமரசம் ஆனது. ஆட்சேபணை வாசகத்துக்கா, அது எல்லாருக்கும் புரிந்துவிடுவதற்கா என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். ஒன்று மட்டும் சொல்லலாம்: பேராயம் ஒப்புக்கொண்டிருந்தால் அது வெறும் ஒரு நல்ல ஜோக். மறுத்ததால் அது மில்லிகன் எழுதியது போலவே ஆகிவிட்டது.

அவர் இறந்தது 2002 பிப்ரவரி 27, ரை என்ற ஊருக்கு அருகில் தன் வீட்டில், சிறுநீரகம் செயலிழந்து, 83 வயதில். அந்த மாதம் 9-ஆம் தேதிதான் இளவரசி மார்கரெட் இறந்திருந்தார். மார்ச் 30-ல் ராணியின் தாயார். இரண்டு அரச மரணங்களுக்கு நடுவில் மாட்டிக்கொண்ட மரணம் இவருடையது. கறுப்பு உடை, தாழ்ந்த கொடி, கனத்த குரல் என்று நாடே துக்கத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், இவருக்கு மட்டும் மக்கள் அவர் சொன்ன கிறுக்குத்தனங்களை ஒருவருக்கொருவர் சொல்லி வழியனுப்பினார்கள்.

மார்ச் 8 அன்று நடந்த இறுதிச் சடங்கில் சவப்பெட்டி மீது அயர்லாந்துக் கொடி போர்த்தியிருந்தது. பிரிட்டிஷ் நகைச்சுவையின் பிதாமகனுக்கு ஏன் அயர்லாந்துக் கொடி? அதுவே தனிக் கதை. மில்லிகன் பிறந்தது அஹமத்நகரில், நம்ம மகாராஷ்டிராவில். அப்பா அயர்லாந்துக்காரர், பிரிட்டிஷ் இந்திய ராணுவத்தில் இருந்தவர், அம்மா ஆங்கிலேயர். பூனாவிலும் ரங்கூனிலும் வளர்ந்த பையன் 1930-களின் தொடக்கத்தில்தான் லண்டனைப் பார்த்தான். வெயிலும் வேலைக்காரர்களுமாக வளர்ந்தவனுக்குத் தென்கிழக்கு லண்டனின் மழையும் வறுமையும் பெரிய அதிர்ச்சி. பின்னால் இரண்டாம் உலகப் போரில் அந்த நாட்டுக்காகக் குண்டடி பட்டார். இவ்வளவுக்கும் பிறகு, 1962-ல் குடியேற்றச் சட்டம் மாறியபோது, இந்தியாவில் ஐரிஷ் அப்பாவுக்குப் பிறந்தவர் என்பதால் பாஸ்போர்ட் விவகாரத்தில் சிக்கினார். விசுவாசப் பிரமாணம் எடுத்தால் சரிசெய்யலாம் என்றார்கள். மனுஷன் மாட்டேன் என்று அயர்லாந்துப் பாஸ்போர்ட் வாங்கிக்கொண்டார். அதனால்தான் பின்னால் வந்த சர் பட்டமும் வெளிநாட்டுக்காரருக்குத் தரும் கௌரவப் பட்டமாகவே வந்தது. தன்னை ‘சர் ஸ்பைக்’ என்று அழைத்துக்கொள்ள அவருக்கு உரிமையில்லை.

இனி விஷயத்துக்கு வருகிறேன்.

1990-களின் கடைசியில் நான் லண்டனில் வேலைக்குச் சேர்ந்த புதிது. அலுவலகத்தில் ஒருவர் கைபேசியைத் தேநீர்க் கோப்பைக்குள் போட்டுவிட்டார். ஒரு நிமிஷம் அமைதி. ஓய்வுபெறும் வயதில் இருந்த கணக்காளர் ஒருவர், தலையை நிமிர்த்தாமல், மூன்று வயதுக் குழந்தையின் குரலில், “அவர் தண்ணிக்குள்ள விழுந்துட்டாரு” என்றார். ஐம்பது வயதுக்கு மேற்பட்டவர்கள் அத்தனை பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். எனக்கும் இன்னும் இரண்டு இளைஞர்களுக்கும் ஒன்றும் புரியவில்லை. மில்லிகன் எழுதி நடித்த ‘கூன் ஷோ’ என்ற வானொலி நிகழ்ச்சியில் லிட்டில் ஜிம் என்று ஒரு பாத்திரம், அவனுக்கு உள்ளது அந்த ஒரு வசனம்தான். நிகழ்ச்சி நின்று நாற்பது வருஷம் ஆகியும் அந்த ஒரு வரி கணக்குப் பிரிவில் உயிரோடு இருந்தது.

(கூன் என்று தமிழில் எழுதினால் முதுகு வளைந்ததுதான் ஞாபகம் வரும். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை. பாப்பாய் கார்ட்டூனில் வரும் மந்தமான, மொட்டைத்தலை உருவங்களுக்குக் கூன் என்று பெயர், அங்கிருந்து எடுத்தது.)

இந்த நிகழ்ச்சியின் கரு யுத்தகளத்தில் விழுந்தது. 1943, துனீசியா. மில்லிகன் பீரங்கிப் படையில் சாதாரணச் சிப்பாய். அவர்களுடைய ராட்சத பீரங்கி ஒன்று சுட்ட வேகத்தில் பின்னால் உந்தி, பாறை விளிம்பைத் தாண்டிக் கீழே விழுந்தது. கீழே ஒரு வண்டியில் ஹாரி சீகோம்ப் என்ற வேல்ஸ்காரச் சிப்பாய், நூலிழையில் தப்பினார். சற்று நேரத்தில் வண்டியின் திரையை விலக்கிக்கொண்டு ஒரு தலை எட்டிப் பார்த்து, “இந்தப் பக்கம் யாராவது பீரங்கியைப் பார்த்தீங்களா?” என்றது. “என்ன கலர்?” என்றார் சீகோம்ப். மில்லிகனும் சீகோம்பும் சந்தித்தது இப்படித்தான். இருவரும் பின்னால் சேர்ந்து செய்த ஒன்பது வருஷ வேலையும் இந்த இரண்டு வாக்கியத்துக்குள் இருக்கிறது. செத்துப்போயிருக்க வேண்டிய ஒரு கணம். அதில் ஒருவன் குடை தொலைத்தவன் மாதிரி கேட்கிறான், இன்னொருவன் கடைக்காரன் மாதிரி பதில் சொல்கிறான்.

அடுத்த ஜனவரியில் இத்தாலியில், மான்டே கசீனோ போர்முனையில், மில்லிகன் பக்கத்தில் மோர்ட்டார் குண்டு வெடித்தது. காலில் காயம் ஆறிவிட்டது, மனது ஆறவில்லை. நடுக்கம், திக்குவாய், காரணமில்லாத அழுகை. கோழை என்று நினைத்த மேலதிகாரி அவருடைய சின்னப் பதவியையும் பறித்தார். முன்வரிசைக்குத் திரும்ப அனுப்ப லாயக்கில்லை என்று முடிவாகி, ராணுவத்தின் இசைக்குழுக்களில் வாசிக்கப் போனார். ட்ரம்பெட்டும் கிட்டாரும் நன்றாகவே வாசிப்பார்.

போர் முடிந்து லண்டனில் ஸ்ட்ரட்டன் கிரவுண்ட் தெருவில் கிராஃப்டன் ஆர்ம்ஸ் என்ற மதுக்கடை. அதன் முதலாளி ஜிம்மி கிராஃப்டன் வானொலிக்கு எழுதுபவர். மில்லிகன், சீகோம்ப், பீட்டர் செல்லர்ஸ், மைக்கேல் பென்டீன் என்று நாலு பேரும் ராணுவத்திலிருந்து வெளியே வந்த கையோடு அங்கே கூடிக் குரல் மாற்றிக் கூத்தடித்துக்கொண்டிருந்தார்கள். பிபிசி 1951 மே 28-ல் இவர்களை முதல்முறை ஒலிபரப்பியது. 1960 ஜனவரி வரை ஓடியது. பென்டீன் சீக்கிரமே விலகிவிட்டார். பிபிசி மேலதிகாரி ஒருவருக்குக் கடைசி வரை பெயரே பிடிபடவில்லையாம், ‘கோ ஆன் ஷோ’ என்றே படித்துக்கொண்டிருந்தாராம் என்று ஒரு கதை உண்டு.

எழுத்து பெரும்பாலும் மில்லிகன். லாரி ஸ்டீஃபன்ஸ், எரிக் சைக்ஸ் துணைக்கு வந்தார்கள். வாரம் ஒரு நாடகம். அதில் நாலைந்து குரல்களை அவரே பேசவும் வேண்டும்.

என்ன மாதிரி எழுத்து என்பதற்கு ஓர் இடத்தைக் காட்டுகிறேன். 1957-ல் வந்த ஒரு பகுதி. எக்கிள்ஸ் என்ற அசடு மில்லிகனின் குரல். ப்ளூபாட்டில் என்ற கீச்சுக்குரல் சாரணச் சிறுவன் செல்லர்ஸ். ப்ளூபாட்டில் மணி என்ன என்கிறான். இரு, எழுதி வைத்திருக்கிறேன் என்று எக்கிள்ஸ் ஒரு காகிதத்தை எடுக்கிறான். காலையில் ஒரு நல்ல மனுஷர் எழுதிக் கொடுத்தாராம். எட்டு மணி. யார் கேட்டாலும் அதைக் காட்டுவானாம். சரி, எட்டு மணி ஆகாதபோது யாராவது கேட்டால்? அப்போது காட்டமாட்டானாம். எட்டு ஆகிவிட்டது என்று உனக்கு எப்படித் தெரியும்? அதுதான் எழுதி வைத்திருக்கிறதே! ப்ளூபாட்டிலுக்குப் பொறாமை; தனக்கும் இப்படி ஒரு காகிதம் வாங்க வசதி இல்லையே என்று. வாங்கிக் காதில் வைத்துப் பார்க்கிறான். “இது ஓடவே இல்லையே!” எக்கிள்ஸுக்குத் தூக்கிவாரிப் போடுகிறது: போலிச் சரக்கை விற்று ஏமாற்றிவிட்டார்கள். அதனால்தான் எட்டு மணியிலேயே நின்றுபோயிருக்கிறது.

இதில் கவனிக்க வேண்டியது அசட்டுத்தனம் இல்லை. அசட்டுத்தனம் எல்லா ஊர் நகைச்சுவையிலும் உண்டு. பொதுவாக ஒரு அசடு இருந்தால் பக்கத்தில் ஒரு கெட்டிக்காரன் இருப்பான். தலையில் ஒரு குட்டு வைப்பான். நாம் கெட்டிக்காரன் பக்கம் நின்று சிரிப்போம். இங்கே குட்டு வைக்க ஆளே இல்லை. ஒரு தப்பான அனுமானத்தின் மேல் இருவரும் மிகக் கறாரான தர்க்கத்தோடு வீடு கட்டிக் குடியேறுகிறார்கள். ஒவ்வொரு பதிலும் அதற்கு முந்தைய கேள்விக்குச் சரியான பதில்தான். ராணுவத்தில் இருந்தவர்களுக்கு இது உடனே புரிந்தது. மேலிருந்து வந்த காகிதத்தில் எட்டு மணி என்று இருந்தால் எட்டு மணிதான்!

1955-ல் வந்த ‘நெப்போலியனின் பியானோ’ இன்னொரு மாதிரி. சீகோம்ப் பேசும் நெட்டி சீகூன் என்ற வெகுளிக்கு, ஒரு பியானோவை ஓர் அறையிலிருந்து இன்னோர் அறைக்கு மாற்ற ஐந்து பவுண்டு கூலி. கையெழுத்துப் போட்ட பிறகுதான் தெரிகிறது, முதல் அறை பிரான்ஸில் இருக்கிறது. கடைசியில் ஆசாமி பியானோ மேலேயே உட்கார்ந்து ஆங்கிலக் கால்வாயைக் கடக்கிறான். சினிமாவில் எடுத்தால் செலவு கட்டுப்படியாகாது. வானொலியில் கொஞ்சம் அலைச் சத்தமும் இரண்டு பியானோ கட்டையும் போதும். மீதியைக் கேட்பவனே கட்டிக்கொள்வான்.

சத்தத்துக்காக மில்லிகன் பிபிசி ஆட்களின் உயிரை வாங்கியிருக்கிறார். கதவு தட்டுவது, குதிரைக் குளம்பு என்ற பழைய சரக்கெல்லாம் அவருக்குப் போதவில்லை. ஒரு காலுறையில் கஸ்டர்ட் நிரப்பிச் சுவரில் அடித்தால் வரும் சத்தம் வேண்டும் என்று எழுதினாராம். சத்தக்காரர்கள் கைவிரிக்க, தானே கான்டீனுக்குப் போய்க் கஸ்டர்ட் கேட்டாராம். அங்கிருந்த அம்மா பதமாகக் காய்ச்சிக் கொண்டுவந்து கொடுக்க, மனுஷன் அவர் கண் முன்னாலேயே காலுறையைக் கழற்றி அதில் ஊற்றினாராம். அடித்துப் பார்த்ததில் எதிர்பார்த்த சத்தம் வரவில்லை. இந்தக் கதை பல வடிவத்தில் உலவுகிறது, எல்லா வடிவத்திலும் எனக்குப் பிடித்த ஆள் அந்த அம்மாதான். 1958-ல் பிபிசி மின்னணு ஒலிகளுக்கென்று தனிப் பட்டறை தொடங்கியபோது, அதன் ஆரம்பகால வேலைகளில் ஒன்று மேஜர் ப்ளட்னாக் என்ற கூன் ஷோ பாத்திரத்தின் வயிற்றுக் கலக்கத்துக்குச் சத்தம் செய்வது. பின்னால் ‘டாக்டர் ஹூ’ என்ற அறிவியல் புனைகதைத் தொடரின் இசையை உருவாக்கியதும் அதே பட்டறைதான்.

குண்டு வெடிக்காத வாரம் கிடையாது. ப்ளூபாட்டில் கையில் யாராவது டைனமைட்டைக் கொடுப்பார்கள், அவனும் நம்பி வாங்குவான், வெடிக்கும். உடனே கீச்சுக்குரலில், என்னைச் சாகடிச்சிட்டீங்களேடா பாவிகளா என்று திட்டுவான். ஆங்கிலத்தில் இல்லாத ஒரு வினைச்சொல்லை அதற்காகவே செய்து வைத்திருந்தார்கள். அடுத்த வாரம் மறுபடி வருவான், மறுபடி வெடிப்பான். கசீனோவில் ஒரு வெடியில் கலங்கிப்போனவர், ஒன்பது வருஷம் வாராவாரம் ஒரு பையனை வெடிக்கவைத்து, அவனை எழுப்பித் திட்டவும் வைத்தார். கேட்டவர்களில் பாதிப் பேர் போர் பார்த்தவர்கள். அவர்களிடம் போரின் கொடுமையை யாரும் பிரசங்கம் செய்திருந்தால் வானொலியை நிறுத்தியிருப்பார்கள்.

இந்த எழுத்து அவரைத் தின்றது. 1952 கடைசியில் மனநிலை முற்றிலும் முறிந்து, உருளைக்கிழங்கு சீவும் கத்தியை எடுத்துக்கொண்டு செல்லர்ஸைக் கொல்லக் கிளம்பினார் என்பது எல்லாரும் அறிந்தது. மருத்துவமனையில் சேர்த்தார்கள். அங்கிருந்தும் எழுதினார். அதற்குப் பிறகு வாழ்நாள் முழுக்க மனச்சோர்வும் உச்சக் களிப்பும் மாறி மாறி வந்தன. இதை அவர் மறைக்கவில்லை. 1993-ல் மனநல மருத்துவர் ஆண்டனி கிளேரோடு சேர்ந்து மனச்சோர்வைத் தாக்குப்பிடிப்பது பற்றிப் புத்தகமே எழுதினார். பைத்தியக்காரத்தனமும் மேதைமையும் ஒன்றுதான் என்று சிலர் இதை அழகாக்கிப் பேசுவார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. நோய் அவரிடமிருந்து எடுத்துக்கொண்ட வாரங்கள்தான் அதிகம். எழுதியது உடம்பும் மனதும் ஒத்துழைத்த நாட்களில்.

பிரிட்டிஷ் நகைச்சுவையை அவர் எந்த இடத்தில் உடைத்தார் என்றால், முத்தாய்ப்பில்.

அதுவரை மேடையிலும் டிவியிலும் ஒரு நகைச்சுவைத் துணுக்குக்கு இலக்கணம் இருந்தது: ஆரம்பம், முறுக்கு, கடைசி வரியில் வெடி, கைதட்டு, விளக்கணைப்பு. அந்தக் கடைசி வரிக்காகவே எழுத்தாளர்கள் தலையைப் பிய்த்துக்கொள்வார்கள். நடுவில் எவ்வளவு நன்றாக இருந்தாலும் முடிவு அமையாவிட்டால் குப்பைக் கூடைதான். 1969 மார்ச்சில் மில்லிகன் ‘க்யூ 5’ என்ற தொலைக்காட்சித் தொடரை ஆரம்பித்தார். அதில் காட்சிகள் முடியவே முடியாது. ஓரிடம் வந்ததும் நடிகர்கள் எல்லாரும் கேமராவைப் பார்த்துத் திரும்பி, இப்ப என்ன பண்றது, இப்ப என்ன பண்றது என்று முனகிக்கொண்டே ஒவ்வோர் அடியாக முன்னால் வருவார்கள். அவ்வளவுதான், அடுத்த காட்சி. போட்டிருக்கும் உடையில் பிபிசி உடைக் கிடங்கின் அட்டை தொங்கிக்கொண்டிருக்கும், கழற்ற மாட்டார்கள்.

அந்த நேரத்தில் ஆறு இளைஞர்கள் புதிதாக ஒரு தொடர் செய்யத் திட்டம் போட்டுக்கொண்டிருந்தார்கள். அவர்களில் ஒருவரான டெர்ரி ஜோன்ஸ் ‘க்யூ 5’ பார்த்துவிட்டு, நாம் செய்ய நினைத்ததை இந்த ஆள் செய்துவிட்டாரே என்று அசந்துபோனதைப் பிறகு பலமுறை சொல்லியிருக்கிறார். சும்மா அசந்துபோனதோடு விடவில்லை, ‘க்யூ 5’ இயக்குநர் இயன் மெக்நாட்டனையே தங்கள் தொடருக்கும் பிடித்துப் போட்டார்கள். அக்டோபர் 5-ஆம் தேதி அந்தத் தொடர் ஆரம்பமானது. அதுதான் நீங்கள் பார்த்திருக்கும் மான்டி பைதான். அதில் கிரகாம் சாப்மன் கர்னல் வேஷத்தில் பாதியில் புகுந்து, இது ரொம்பக் கிறுக்குத்தனமாகப் போகிறது, நிறுத்துங்கள் என்பாரே, அந்தக் கர்னலுக்கு அடியில் இருப்பது மில்லிகன் உடைத்துப்போட்ட முத்தாய்ப்பு. பைதான்காரர்கள் அதை ஒழுங்குபடுத்தி, ஒரு காட்சியை இன்னொன்றோடு கோத்து, கைக்கடக்கமாகச் செய்தார்கள். மில்லிகனிடம் ஒழுங்கு கிடையாது. அதனால் இன்று பார்க்க மான்டி பைதான்தான் நன்றாக இருக்கிறது. இதைச் சொல்ல எனக்குத் தயக்கமில்லை. போதாக்குறைக்கு ‘க்யூ 5’ நாடாக்களில் பலவற்றைப் பிபிசியே அழித்துவிட்டது.

பைதான் மட்டுமில்லை. லிவர்பூலில் வளர்ந்துகொண்டிருந்த ஜான் லெனன் கூன் ஷோ பைத்தியம். பிற்காலத்தில் அதன் வசனத் தொகுப்புக்கு நியூயார்க் டைம்ஸில் அவரே மதிப்புரை எழுதினார். பீட்டில்ஸ் குழுவின் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டின் அதற்கு முன் செல்லர்ஸையும் மில்லிகனையும் வைத்து நகைச்சுவை இசைத்தட்டுகள் செய்தவர்; அந்த ஒரு தகுதியே பையன்களுக்கு அவர் மேல் மரியாதையைக் கொண்டுவந்தது. செல்லர்ஸும் மில்லிகனும் 1959-ல் ரிச்சர்ட் லெஸ்டரோடு ஒரு வயல்வெளியில் 11 நிமிஷக் குறும்படம் ஒன்றை விளையாட்டாக எடுத்தார்கள். அதைப் பார்த்துத்தான் பீட்டில்ஸ் தங்கள் முதல் படத்துக்கு லெஸ்டரைக் கேட்டார்கள். பின்னால் வந்த நகைச்சுவைக் கலைஞர் எடி இசார்ட் மில்லிகனை மாற்று நகைச்சுவையின் ஞானத்தந்தை என்றே சொன்னார்.

நாம் இந்தியர்கள் என்பதால் ஒன்றைச் சொல்லாமல் தாண்ட முடியாது. கூன் ஷோவில் லால்காகா, பானர்ஜி என்று இரண்டு இந்தியப் பாத்திரங்கள். செல்லர்ஸும் மில்லிகனும் உச்சரிப்பை இழுத்து இழுத்துப் பேசுவார்கள். அது கூடப் பரவாயில்லை, அதில் மேஜர் ப்ளட்னாக் என்ற வெள்ளைக்கார ராணுவ அதிகாரிதான் ஆகப் பெரிய கோழை, திருடன், அஜீரணக்காரன். ஏகாதிபத்தியத்தை அதைவிட நாறடிக்க முடியாது. ஆனால் 1969-ல் ‘கறி அண்ட் சிப்ஸ்’ என்ற தொடரில் மில்லிகன் முகத்தில் பழுப்புச் சாயம் பூசிக்கொண்டு பாதிப் பாகிஸ்தானியாக நடித்தார். ஆறே பகுதிகளில் நிறுத்தப்பட்டது. இனவெறியைக் கிண்டல் செய்யத்தான் எடுத்தோம் என்றார்கள். நான் பார்த்த வரையில் கிண்டல் எந்தப் பக்கம் போகிறது என்று எடுத்தவர்களுக்கே தெரியவில்லை. பூனாவில் வளர்ந்தவர், இந்துஸ்தானி பேசியவர், அந்த மண்ணை ஊர் என்று ஏங்கியவர் செய்தது என்பதால் அது இன்னும் உறுத்துகிறது. அவரைக் கொண்டாடும் ஆங்கிலேயர்கள் இந்த இடத்தில் இருமிவிட்டு அடுத்த பேச்சுக்குப் போய்விடுவார்கள்.

சாவை வைத்து விளையாடுவதும் இந்தக் கூட்டம் விட்டுச்சென்ற பழக்கம்தான். 1980-ல் செல்லர்ஸ் 54 வயதில் மாரடைப்பில் போனார். அவருடைய இறுதிச் சடங்கில் கிளென் மில்லரின் ‘இன் த மூட்’ ஒலித்தது. காரணம், செல்லர்ஸுக்கு அந்த இசை சுத்தமாகப் பிடிக்காது. அதனாலேயே போடச் சொல்லியிருந்தார். 2001 ஏப்ரலில் சீகோம்ப் இறந்தார். அவர் நல்ல பாடகர், கணீரென்ற குரல். நல்லவேளை எனக்கு முன்னால் போய்விட்டான், இல்லையென்றால் என் சாவுக்கு வந்து பாடியிருப்பான் என்றார் மில்லிகன். அடுத்த வருஷம் மில்லிகனுக்கு நினைவுக் கூட்டம் நடந்தபோது சீகோம்ப் பாடிய பாட்டை ஒலிபரப்பிவிட்டார்கள். இடையில் 1989-ல் கிரகாம் சாப்மன் இறந்தபோது, நினைவுக் கூட்டத்தில் பைதான் கூட்டாளி ஜான் கிளீஸ் எழுந்து வேண்டுமென்றே கெட்ட வார்த்தை பேசி, பிரிட்டிஷ் நினைவுக் கூட்டத்தில் இதைச் சொன்ன முதல் ஆள் நான்தான் என்று பெருமையடித்துக்கொண்டார். பார்த்தால் அவமரியாதை மாதிரி இருக்கும். போனவன் எந்தப் பாஷையில் பேசிக்கொண்டிருந்தானோ அதே பாஷையில் விடைகொடுக்கிறார்கள்.

அப்போது இளவரசராக இருந்த, இன்றைய மன்னர் சார்லஸ் விஷயமும் இப்படித்தான். அவர் சிறு வயதிலிருந்து கூன் ஷோ ரசிகர், ப்ளூபாட்டில் குரலிலேயே பேசிக் காட்டுவார். 1994-ல் மில்லிகனுக்கு வாழ்நாள் சாதனை விருது தந்தபோது, சார்லஸ் அனுப்பிய வாழ்த்துக் கடிதத்தை மேடையில் படித்தார்கள். பாதியிலேயே மில்லிகன் குறுக்கிட்டு, தாங்கித் தாங்கிப் புகழும் இந்தச் சின்னப் பயலை என்று ஆரம்பித்து, இங்கே எழுத முடியாத வசவு ஒன்றால் முடித்தார். நேரலை. அரங்கமே சில விநாடி மூச்சு விடவில்லை. பிறகு சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆனது. அப்புறம், இனி சர் பட்டம் கிடைக்காது போலிருக்கிறதே என்று சார்லஸுக்கு ஒரு ஃபேக்ஸ். சில வருஷத்தில் பட்டமும் வந்தது.

எனக்கு அவர் என்றால் நினைவுக்கு வருவது வேறொரு காட்சி. 1978-ல் மில்லிகன் துனீசியாவுக்கு விடுமுறையில் போனார், தான் போரிட்ட இடங்களைத் திரும்பப் பார்க்க. அதே நேரம் அங்கே பைதான் குழு ‘லைஃப் ஆஃப் பிரையன்’ படம் எடுத்துக்கொண்டிருந்தது. விஷயம் தெரிந்து அன்று காலையே ஒரு சின்ன வேஷம் கொடுத்தார்கள். தீர்க்கதரிசியின் செருப்பு கிடைத்துவிட்டது என்று கூட்டம் கூச்சல் போட, இவர் ஒரு முதியவராக நடுவில் நின்று பிரார்த்தனை செய்வோம் என்று ஆரம்பிக்கிறார். கூட்டம் அவரைக் கவனிக்காமல் செருப்பைத் தூக்கிக்கொண்டு ஓடிவிடுகிறது. தனியாக நிற்கிறார். சுற்றுமுற்றும் பார்க்கிறார். பிறகு ஒன்றும் சொல்லாமல் வேறு பக்கம் நடந்து போய்விடுகிறார். மதியம் நெருக்கக் காட்சிகள் எடுக்கத் தேடியபோது ஆள் இல்லை. நிஜத்திலும் கிளம்பிப் போயிருந்தார்.

கேட்டுப் பார்க்க ஆசை என்றால் ‘நெப்போலியனின் பியானோ’வில் தொடங்குங்கள், அரை மணி நேரம்தான். இரவில், ஹெட்போன் போட்டுக்கொண்டு கேளுங்கள். முதல் பத்து நிமிஷம் ஒன்றும் பிடிபடாது, ஆங்கிலேயர்களுக்கே பிடிபடாது. இரண்டாவது தடவையில் குரல்கள் பிரியும். பிடித்துப்போனால் அடுத்தது பெக்ஸ்ஹில் ஊரில் இருட்டடிப்பு நேரத்தில் கிழவிகள் மேல் மாவுப் புட்டு எறியும் மர்ம ஆசாமியின் கதை. அந்த பெக்ஸ்ஹில்லில்தான் 1940-ல் மில்லிகன் சிப்பாயாகக் கடலைக் காவல் காத்துக்கொண்டிருந்தார், ஜெர்மன்காரன் எப்போது வருவான் என்று. வின்செல்சீ கல்லறையிலிருந்து அது கொஞ்ச தூரம்தான். காரில் போனால் ஹேஸ்டிங்ஸ் வழியாக அரை மணி, மழை பெய்தால் முக்கால் மணி.